பழைய டெனர் டிராம்போன்: பாக் 42பி, 36பி, கான் 88எச் – மூன்றில் எதை எடுப்பது?

கோரிப்பாளையம்_பிபிளாட் கேட்டது:

வணக்கம். மதுரையில் இருக்கிறேன். இப்போது கையில் உள்ளது மீரட்டில் செய்த சாதா டெனர், டிரிகர் (கட்டைவிரலால் அழுத்தி கூடுதல் எஃப் குழாயைத் திறக்கும் நெம்பு) கிடையாது. இசைத் தேர்வின் எட்டாம் கிரேடு பாடங்களைத் தொட்ட பிறகு அதன் எல்லை தெரிந்துவிட்டது. ஸ்லைடு (முன்னும் பின்னும் நகரும் நீள் குழாய்) நிறுத்தும் ஏழு இடங்களில், அதாவது பொசிஷன்களில், நாலாவதைத் தாண்டினால் பிடிக்கிறது. மெதுவான பாடங்களில் சமாளிக்கலாம், செமிகுவேவர் ஓட்டங்களில் முடியவில்லை.

புதிது வாங்க வழியில்லை. பழையதில் மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன.

ஒன்று, சென்னையில் ஒரு பாக் 42பி. படத்தில் தங்கம் மாதிரி மின்னுகிறது. ஸ்லைடின் அடி வளைவிலும் மேல் குழாயிலும் மட்டும் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிகிறது. கேட்டால், "புளி போட்டுத் தேய்த்தோம், அதனால்தான்" என்கிறார்கள். இரண்டு, திண்டுக்கல்லில் ஒரு பாக் 36பி. லாக்கர் (மேல்பூச்சு) பாதிக்கு மேல் போய்விட்டது, பெல் (விரிந்த முன்வாய்) விளிம்பில் இரண்டு ஒடுக்கு, பெட்டியும் பழசு. விலை 42பி-யில் பாதிதான். மூன்று, சிங்கப்பூரில் சித்தப்பா பார்த்து வைத்திருக்கும் கான் 88எச். கான் கம்பெனி அமெரிக்காவின் எல்க்கார்ட் ஊரில் செய்த காலத்தது என்று எழுதியிருக்கிறார்.

வாசிக்கும் இடங்கள்: ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவோடு, பண்டிகை ஊர்வலங்களில் தெருவில், மாதம் மூன்று நான்கு மெல்லிசை மேடை. மற்ற நேரம் தேர்வுக்கான பயிற்சி. மவுத்பீஸ் சின்ன ஷாங்க் (கருவியில் செருகும் அடிப்பகுதி) 6½ஏஎல்.

திண்டுக்கல் கருவியை வரும் சனிக்கிழமை நேரில் பார்க்கலாம். அரைமணி நேரம் கொடுப்பார்கள். என்ன எடுத்துக்கொண்டு போவது, எதை முதலில் பார்ப்பது?

டெனர்கிளெஃப் எழுதியது:

மேல்நிலைப் பாடங்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஆர்க்கெஸ்ட்ராவில் டெனர் வாசிப்பவர்களிடம் பெரும்பாலும் காண்பது 0.547 அங்குல போர் (ஸ்லைடுக் குழாயின் உள்விட்டம்), 8½ அங்குல பெல், எஃப் டிரிகர். 42பி, 88எச், யமஹா ஜெனோ 882 எல்லாம் அந்த அளவு. 36பி-யின் போர் 0.525, பெல் 8 அங்குலம். கீழ் சுரங்களில் பெரிய போர் தரும் அகலம் அதில் வராது.

டிரிகர் அவசியம் வேண்டும். அது இல்லாமல் பேஸ் கிளெஃபின் இரண்டாம் இடைவெளி சி-யும் கீழ் ஈ-யும் எஃப்-பும் மாறிமாறி வரும் இடங்களில் ஆறாம், ஏழாம் பொசிஷனுக்கு ஓடியே தாளம் போய்விடும். ஆனால் ஒன்று தெரிந்து வாங்குங்கள்: டிரிகரை அழுத்தினால் குழாயின் மொத்த நீளம் கூடும், பொசிஷன்களும் தள்ளித்தள்ளி அமையும். அதனால் அந்தப் பக்கம் ஆறு பொசிஷன்தான் கிடைக்கும். கீழ் பி நேச்சுரல் சாதாரண எஃப் டிரிகரில் வராது. அது வரவில்லை என்பதற்காகக் கருவியில் குறை என்று நினைக்க வேண்டாம்.

என் வரிசை: ஸ்லைடு சரியாக இருந்தால் 42பி, அடுத்து 88எச், கடைசியில் 36பி.

பித்தளைப்பட்டறை எழுதியது:

போர் அளவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. முதல்ல ஸ்லைடு, அப்புறமும் ஸ்லைடு.

ஏன்னா, பெல்லுல விழுந்த ஒடுக்கை மரச்சட்டத்துல வச்சு உருட்டி எடுத்துரலாம். பிரேஸ் (ரெண்டு குழாயையும் இணைக்கிற குறுக்குக் கம்பி) விட்டுப் போச்சுன்னா ஈயப் பத்து வச்சுரலாம். ரோட்டர் (டிரிகர் திருப்புற வால்வு) கார்க் மாத்துறது பத்து நிமிஷ வேலை. ஆனா ஸ்லைடோட உள்குழாய்ல குரோம் முலாம் தேஞ்சு போச்சுன்னா, குழாயவே மாத்தணும். அந்தச் செலவு, பழசு வாங்கி மிச்சம் பிடிச்ச காசை முழுசா முழுங்கிரும். பைக் பார்ட்ஸுக்குக் குரோம் போடுற இடத்துல குடுத்து முலாம் ஏத்திக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அது அழகுக்குப் போடுற முலாம், ஒரு இடத்துல தடிச்சும் ஒரு இடத்துல மெலிஞ்சும் நிக்கும். ஸ்லைடுக்குப் போடுறது கெட்டிக் குரோம், போட்டு அளவுக்குத் தேச்சு எடுக்கணும். வெளிக்குழாய்க்கும் உள்குழாய்க்கும் நடுவுல இருக்கிற இடைவெளி முடி அளவுக்கும் கம்மி, தடிச்ச முலாம் உள்ளயே போகாது.

கொண்டு போக வேண்டியது: டிஜிட்டல் வெர்னியர், டார்ச், ஒரு மீட்டர் மல்துணி, அதச் சுத்தித் துடைக்க ஒரு கம்பி, கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்விட், தண்ணி அடிக்கிற ஸ்பிரே பாட்டில், ஸ்லைடு க்ரீம், போன்ல டியூனர், உங்க சொந்த மவுத்பீஸ். வீட்டுல அளவான கண்ணாடித் துண்டு, அதாவது ஒன்றரை அடி அகலம், மூணு அடி நீளத்துல கனமானது இருந்தா அதையும் எடுத்துக்கங்க. இல்லேன்னா அங்கயே கண்ணாடி போட்ட மேஜை இருக்கான்னு கேளுங்க.

போனதும் ஓட்டிப் பாக்காதீங்க. பழைய எண்ணெயும் அழுக்கும் சேந்து பிசினா இருக்கும், நல்ல ஸ்லைடுகூட அப்ப இழுக்கும். வெளி ஸ்லைடைக் கழட்டி, துணி சுத்தின கம்பியால ரெண்டு காலையும் துடைங்க. கம்பியோட நுனி முழுக்கத் துணி மூடியிருக்கணும், இல்லேன்னா உள்ள கோடு விழும். முக்கியமா, எந்தக் குழாயத் துடைக்கிறீங்களோ அந்தக் குழாயத்தான் கையில பிடிக்கணும். மத்ததப் பிடிச்சுக்கிட்டு இதத் துடைச்சா முறுக்கு விழுந்து ரெண்டு காலும் இணையா நிக்காமப் போயிரும். பாதி ஸ்லைடு இப்படித்தான் சாகுது.

உள்குழாயத் துடைச்சதும் டார்ச்ச பக்கவாட்டுல பிடிச்சுப் பாருங்க. நுனியில நாலஞ்சு அங்குலத்துக்குக் குழாய் மத்த இடத்தவிடக் கொஞ்சம் தடிப்பா இருக்கும், அதுக்குப் பேரு ஸ்டாக்கிங். வெளிக்குழாயத் தொட்டு ஓடுறது அதுதான். அங்க முலாம் உரிஞ்சு மஞ்சளாவோ மங்கலாவோ தெரிஞ்சா, நகத்தால நெருடிப் பாத்து சொரசொரப்பு பட்டா, பேரம் பேசாம எழுந்து வந்துருங்க. மேல, கை பிடிக்கிற இடத்துப் பக்கம் கொஞ்சம் மங்கினா அவ்வளவு மோசமில்ல.

அடுத்து ஒத்தக்கால் சோதனை. க்ரீம் லேசாத் தடவி, தண்ணி அடிச்சு, மேல் உள்குழாய மட்டும் அதோட வெளிக்குழாய்ல விடுங்க. இன்னொரு கால் வெளியில தனியா நிக்கட்டும். முழு நீளத்துக்கு ரொம்ப மெதுவா ஓட்டுங்க. அப்புறம் கீழ்க்காலுக்கும் அதே மாதிரி. ஒத்தக்கால்லயே தடுக்குதுன்னா, அந்தக் குழாய்ல ஒடுக்கு இருக்கு, இல்ல குழாய் வளைஞ்சிருக்கு. தனித்தனியா வழுக்கிக்கிட்டு ஓடி, ரெண்டையும் சேத்துப் போட்டாத்தான் தடுக்குதுன்னா குழாய்ல குத்தம் இல்ல, இணைப்புல குத்தம். முன்னது தலைவலி. பின்னது தெரிஞ்சவங்க கையில ஒரு மணி நேர வேலை. விலை பேசும்போது இந்த வித்தியாசம்தான் உங்க கையில இருக்கிற துருப்பு.

கண்ணாடி மேல உள் ஸ்லைட வச்சு மூலைகளை விரலால அமுக்குங்க. ஆடாம உக்காரணும். ஆடினா முறுக்கு.

காத்து பிடிக்குதான்னு பாக்க, ஸ்லைடை பெல்லுல இருந்து தனியா எடுத்து, கொஞ்சம் நீட்டி, மவுத்பீஸ் துளையையும் பெல்லுல மாட்டுற துளையையும் கட்டை விரலால நல்லா அடைச்சு நேரா நிமித்திப் பிடிங்க. வெளி ஸ்லைடு பொத்துன்னு விழக் கூடாது, மெதுவா இறங்கணும். உடனே விழுந்தா முதல்ல எச்சில் வால்வோட கார்க்கப் பாருங்க. ஸ்பிரிங் தளர்ந்து கார்க் அரைகுறையா உக்காந்திருக்கும். விரலால கார்க்க அழுத்திக்கிட்டு மறுபடி சோதிச்சு, அப்பவும் விழுந்தாத்தான் குழாய் தேய்மானம்னு எடுத்துக்கணும். இந்த சோதனைய மெத்தை மேலயோ மடி மேலயோ செய்ங்க, கீழ விழுந்தா கதை முடிஞ்சது.

வெர்னியர் எதுக்குன்னா, உள்குழாயோட அடி நுனியில உள்விட்டம் அளந்தா அதுதான் போர். 0.500 அங்குலம்னா 12.7 மில்லிமீட்டர், 0.508 னா 12.9, 0.525 னா 13.3, 0.547 னா 13.9. பெல்லுல ஒரு மாடல் எழுதி, வேற எதுலயோ இருந்து எடுத்த ஸ்லைடை மாட்டி விக்கிறது நடக்குது. 36பி-ன்னு சொன்னா 13.3 காட்டணும்.

இனி அந்த சென்னை 42பி. புளியோ எலுமிச்சையோ பட்ட பித்தளை இளஞ்சிவப்பாகிறது உண்மைதான். அமிலம் மேல்பரப்புல இருக்கிற துத்தநாகத்தை அரிச்சுட்டு செம்பை விட்டுட்டுப் போகும். ஆனா புளி போட்டுத் தேச்சா தேச்ச இடம் முழுக்க ஒரே சீரா நிறம் மாறும், ரெண்டு நிமிஷம் பிராசோ பாலிஷ் போட்டா மஞ்சள் திரும்பிரும். நடுவுல கறுப்பா சின்னப் புள்ளி, அதச் சுத்தி சிவப்பு வட்டம்னு அம்மைத் தழும்பு மாதிரி இருந்தா, அது உள்ள இருந்து வெளிய வர்ற சிவப்பு அரிப்பு. எச்சிலோட அமிலமும் ஈரமும் வருஷக்கணக்கா உள்ள தங்கி துத்தநாகத்த உருவி எடுத்துரும். மிச்சம் நிக்கிறது பஞ்சு மாதிரி செம்பு. வெளிய தெரியுற நேரம் உள்ள பாதி போயிருக்கும். மேல் குழாய், லீட்பைப் (மவுத்பீஸ் செருகுற உள்குழாய்), அடி வளைவு – காத்தும் எச்சிலும் முதல்ல படுற இடங்கள். நீங்க சொல்ற ரெண்டு இடமும் சரியா அதேதான். பக்கத்துல இருந்து எடுத்த படம் கேளுங்க. அதோட பெல்லுல செதுக்கின எழுத்தையும் பாருங்க. எழுத்தோட விளிம்பு கூர்மையா இல்லாம மழுங்கியிருந்தா, பாலிஷ் சக்கரத்துல பல தடவை ஓட்டித் தகடு மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம். மின்னுறதுக்காக ஒரு ரூபாகூட கூடக் குடுக்காதீங்க. லாக்கர் போன திண்டுக்கல் கருவியில எந்தப் புள்ளியையும் மறைக்க முடியாது, அதுவே ஒரு நல்லது.

ரோட்டருக்கு: டிரிகரை அழுத்தாம எஃப் டியூனிங் ஸ்லைடை ரெண்டு அங்குலம் இழுத்துப் பிடிச்சுக்கங்க. அஞ்சு எண்ணி, டிரிகரை அழுத்துங்க. 'பொப்'னு சத்தம் வந்தா ரோட்டர் காத்தப் பிடிக்குது. பின் மூடியத் திருகி எடுத்தா தண்டுலயும் தகட்டுலயும் கோடு தெரியும். அழுத்தும்போதும் விடும்போதும் கோடும் கோடும் நேருக்கு நேர் நிக்கணும். தள்ளி நின்னா பம்பர் கார்க் தேஞ்சிருக்கு, பயப்பட ஒண்ணும் இல்ல.

மேடைக்காற்று எழுதியது:

பித்தளைப்பட்டறை அண்ணன் சொன்னதில் ஒரு வரி கூட மாற்ற வேண்டியதில்லை. டெனர்கிளெஃப் சாரின் வரிசையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

கேட்டவர் எங்கே வாசிக்கிறார் என்று பாருங்கள். தெருவில் ஊர்வலம், மெல்லிசை மேடை, பாடகர் குழு. 0.547 போர் கருவி அதிகக் காற்றுக் கேட்கும். அரங்கத்துக்குள் அந்த அகலமான ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிறைக்கும். சித்திரை மாதத் தெருவில் திரும்பி வர எதுவும் இல்லை. மூன்று மணி நேர ஊர்வலத்தில் இரண்டாவது மணியிலேயே உதடு தளர்ந்து, மேல் எஃப்-பும் ஜி-யும் தாழ்ந்து வரும். மைக் முன்னால் கீபோர்டோடும் டிரம்ஸோடும் வாசிக்கும்போதும் 0.508, 0.525 போர்களின் குவிந்த ஒலிதான் தெளிவாக வெட்டிக்கொண்டு வரும். மேடையில் மட்டும் வாசிப்பவருக்கு நான் கிங் 3பி-யைச் சொல்வேன், அதன் போர் 0.508. தேர்வும் ஆராதனையும் சேர்ந்து வருவதால் 36பி இவருக்கு இரண்டுக்கும் நடுவில் சரியாகப் பொருந்துகிறது. அது விலை குறைவுக்காகச் செய்யும் சமரசம் இல்லை.

மவுத்பீஸும் அதே பக்கம்தான் சாய்கிறது. 42பி-க்குப் பெரிய ஷாங்க் வேண்டும். உங்கள் சின்ன ஷாங்க் 6½ஏஎல் அதில் ஆழமாக உள்ளே போய் ஆடும். அடாப்டர் போடலாம், ஆனால் நீளமும் உள்வடிவமும் மாறுவதால் சுருதி ஒரே சீராக இருக்காது. பெரிய ஷாங்க் 5ஜி மாதிரி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும், விளிம்பும் கொஞ்சம் பெரிது, உதடு பழக நாளாகும். 36பி-யில் உங்கள் மவுத்பீஸையே போட்டுப் பாருங்கள். போட்டு லேசாகத் திருகியதும் ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்தால் ஒரு செலவு மிச்சம்.

சுருதி சோதிக்கும்போது ஒரு விஷயம். முதல் பொசிஷனில் நடு பி பிளாட்டுக்கு மேலே வரும் டி இயல்பிலேயே சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ்வாக நிற்கும், அதற்கு மேலே உள்ள ஏ பிளாட் சுமார் 31 சென்ட் தாழ்ந்திருக்கும். எல்லா டிராம்போனிலும் அப்படித்தான், அது இயற்கை ஸ்வர வரிசையின் கணக்கு. டியூனரில் இதைப் பார்த்து நல்ல கருவியை வேண்டாம் என்று விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். டியூனரை நம்ப வேண்டிய இடம் நடு பி பிளாட்டும் அதன் கீழ் எஃப்-பும். டியூனிங் ஸ்லைடை ஒன்றரை சென்டிமீட்டர் இழுத்த நிலையில் அவை ஏ = 440 ஹெர்ட்ஸ் சுருதிக் கணக்குக்குச் சரியாக வந்தால் நல்லது. முழுக்க உள்ளே தள்ளியும் தாழ்ந்தே நின்றால், எங்கோ காற்றுப் போகிறது அல்லது வேறு கருவியின் வளைவு மாட்டப்பட்டிருக்கிறது.

மதுரை வெயிலுக்கும் இடம் விட வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். மூச்சின் சூடு எப்போதும் உள்ளே இருப்பதால் வெளி வெப்பம் அப்படியே முழுக்கச் சேராது என்றாலும், மே மாத மாலையில் கீபோர்டோடு சேர்வதற்கு டியூனிங் ஸ்லைடை இன்னும் வெளியே இழுக்கத்தான் வேண்டியிருக்கும். அதனால் டியூனிங் ஸ்லைடு இரண்டுமே கையால் இழுத்தால் நகர்கிறதா என்று பாருங்கள். பழைய கருவிகளில் எஃப் பக்க ஸ்லைடு இறுகிப்போய்க் கிடப்பது சகஜம். வாங்கும்போது இறுகியிருந்தால் இடுக்கி போட்டு இழுக்க வேண்டாம், பிரேஸ் பிய்ந்து வரும்.

சாதா ரோட்டருக்குப் பதிலாக தேயர் வால்வு, ஹக்மான் வால்வு என்று எழுதி யாராவது விற்றால் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். ஊதுவதற்கு அருமையானவை. ஆனால் தூசி பறக்கும் ஊர்வலத்துக்கும், சரிசெய்யப் பக்கத்தில் ஆள் இல்லாத ஊருக்கும் சாதா ரோட்டர்தான் தாங்கும். எஃப் குழாயைச் சுற்றியிருக்கும் விதத்தையும் கவனியுங்கள். திறந்த சுற்று பெல்லுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். மாசி வீதிக் கூட்டத்தில் யாருடைய தோளிலாவது இடித்துவிடும். 36பி, 42பி இரண்டும் பழைய அடக்கமான சுற்றுதான்.

கர்நாடக உருப்படிகள் வாசிக்கும் எண்ணம் இருந்தால், ஸ்லைடுக்கு இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது: தோடியின் காந்தாரத்தை மெல்லிய ஒலியில், மெதுவாக அசைத்துப் பாருங்கள். வேகத்தில் மறையும் சின்னத் தடுக்கல் அதில் உடனே காதில் விழும்.

கோரிப்பாளையம்_பிபிளாட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை பார்த்தேன். குறித்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உள்குழாய் நுனி உள்விட்டம் 13.3 மி.மீ. ஸ்டாக்கிங் இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன, நகத்தில் எதுவும் படவில்லை. மேல் உள்குழாயில், பிரேஸிலிருந்து நான்கு விரல் கீழே, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு மங்கலாக ஒரு கோடு. ஒற்றைக்கால் சோதனையில் இரண்டு காலும் வழுக்கி ஓடின. இரண்டையும் சேர்த்தபோது ஐந்தாம் பொசிஷன் வரை நன்றாக இருக்கிறது, ஆறு ஏழில் இறுக்குகிறது. கண்ணாடியில் உள் ஸ்லைடு ஆடவில்லை. இரண்டு துளையையும் அடைத்தால் வெளி ஸ்லைடு மெதுவாக இறங்குகிறது. ரோட்டர் 'பொப்' சத்தம் கேட்கிறது, ஆனால் மெலிதாக. பின் மூடிக்குள் கோடுகள் ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன. டிரிகர் எஃப் 15 சென்ட் ஏற்றமாக வருகிறது. எஃப் டியூனிங் ஸ்லைடு முழுக்க உள்ளே இருக்கிறது, கையால் நகர்கிறது. சிவப்புப் புள்ளி எங்கும் இல்லை. என் 6½ஏஎல் ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்தது.

வெளி ஸ்லைடின் கைப்பிடி பிரேஸில் ஈயம் வழிந்து முண்டாக இருக்கிறது. முன்பு ஒருமுறை பற்றவைத்திருக்கிறார்கள் போல.

பித்தளைப்பட்டறை எழுதியது:

கடைசியா எழுதின வரிதான் விடை தம்பி.

ஸ்லைடு மூடியிருக்கும்போது ஸ்டாக்கிங் வெளிக்குழாயோட அடியில, வளைவுப் பக்கம் இருக்கும். நீட்டும்போது அது வெளிக்குழாயோட மேல் வாய்க்கு, கைப்பிடி பிரேஸ் பக்கம் வந்துரும். அஞ்சு வரைக்கும் ஓடி ஆறு ஏழுல இறுக்குதுன்னா, அடியில ரெண்டு வெளிக்குழாய்க்கும் நடுவுல இருக்கிற தூரமும் மேல இருக்கிற தூரமும் ஒண்ணா இல்ல. பிரேஸை மறுபடி பத்த வச்சவங்க, குழாய அழுத்திப் பிடிச்சுக்கிட்டோ இழுத்துப் பிடிச்சுக்கிட்டோ ஈயம் விட்டிருக்காங்க. குழாய் அந்த விறைப்போடயே நிக்குது.

ஊர்ஜிதம் பண்ணிக்க வெர்னியர் போதும். வெளிக்குழாய் ரெண்டோட வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்பு வரை, பிரேஸுக்குப் பக்கத்துல ஒரு அளவு, அடி வளைவுக்குச் சற்று மேல ஒரு அளவு எடுங்க. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே இறுக்கும். உள்குழாய்லயும் அதே மாதிரி மேல ஒண்ணு, ஸ்டாக்கிங் ஆரம்பிக்கிறதுக்குச் சற்று மேல ஒண்ணு எடுங்க. ஸ்டாக்கிங் மேல வச்சு அளக்காதீங்க, அது தடிப்பு, கணக்கு தப்பிரும். உள்ளது சரியா இருந்து வெளியது மட்டும் தள்ளி இருந்தா வேலை சுளுவு: பிரேஸைச் சூடு காட்டி விட்டு, குழாய் தானா நிக்கிற இடத்துல நிக்க விட்டு, அளவு பாத்து, அப்புறம் ஈயம் விடணும். இழுத்துப் பிடிக்கவே கூடாது.

இந்த வேலைய பாத்திரப் பட்டறையில குடுக்காதீங்க. குண்டாவுக்கும் அண்டாவுக்கும் காட்டுற சூடு இதுக்கு ரொம்ப அதிகம். வெளிக்குழாய் தகடு மெல்லிசு, சிவக்கச் சூடாக்கினா விறைப்பு போயி ஈயத்தகடு மாதிரி ஆயிரும், அப்புறம் கை பட்டாலே ஒடுக்கு விழும். டிரம்பெட், டிராம்போன் ஸ்லைடு நிமித்திப் பழகின ஆளா, சமதளக் கல்லோ கண்ணாடியோ பட்டறையில வச்சிருக்காரான்னு பாத்துக் குடுங்க. பெல் ஒடுக்கையும் அங்கயே எடுத்துரலாம்.

மேல் உள்குழாய்ல மங்கின கோடும் இதோட சேந்ததுதான். குழாய் ஒரு பக்கமா சாஞ்சு உரசியிருக்கு. இணைப்பு சரியானா உரசல் நிக்கும். ரோட்டருக்குப் புது பம்பர், தண்டுல கொஞ்சம் கெட்டியான பேரிங் எண்ணெய், உள்ள ரோட்டர் எண்ணெய். அதுக்கப்புறம் 'பொப்' சத்தம் கூடும். தண்டைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தீங்களா? பக்கவாட்டுல கடகடன்னு ஆடினாத்தான் ரோட்டர் தேய்மானம். டிரிகர் எஃப் ஏற்றத்துக்கு எஃப் ஸ்லைடை வெளிய இழுத்தாப் போதும், முழுக்க உள்ள தள்ளி வச்சா ஏறத்தான் செய்யும்.

விலையில இந்த ரிப்பேர் செலவக் கழிச்சுக் கேளுங்க. பிரேஸ் பத்து வச்ச இடத்த விக்கிறவருக்கு விரல் வச்சுக் காட்டுங்க, மறுக்க மாட்டாரு.

டெனர்கிளெஃப் எழுதியது:

இந்த அளவுகளைப் பார்த்த பிறகு நானும் 36பி பக்கம் வருகிறேன். 42பி-யில் சிவப்பு அரிப்பு இருக்க வாய்ப்புள்ள இரண்டு இடமும் மாற்றச் செலவாகும் பாகங்கள். தராசு 36பி பக்கம்தான் சாய்கிறது.

கான் 88எச் பற்றி மட்டும் சேர்த்துவிடுகிறேன், பின்னால் யாருக்காவது உதவும். ரோஸ் பிராஸ் பெல், மென்மையில் உருண்டு வரும் ஒலி, பாடகர் குழுவோடு நன்றாகக் கலக்கும். செம்பு அதிகம் உள்ள கலவை என்பதால் பெல்லில் சிவப்பு அரிப்பு பயம் குறைவு. ஆனால் ஸ்லைடுக் குழாய் வேறு கலவை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். எல்க்கார்ட் காலத்து 88எச்-களில் லீட்பைப் ரெமிங்டன் என்ற தனி ஷாங்க் அளவின் சரிவில் வரும். இன்று கடையில் கிடைக்கும் சாதாரணப் பெரிய ஷாங்க் அதில் சரியாக உட்காராது; நுனியில் மட்டுமோ வாயில் மட்டுமோ தொட்டுக்கொண்டு நிற்கும், மேல் சுரங்கள் வழுக்கும். ரெமிங்டன் ஷாங்க் மவுத்பீஸ் கூடவே தருகிறார்களா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

தொலைவில் இருந்து வாங்குபவர்கள் இந்தப் படங்களைக் கேட்டு வாங்குங்கள்: வெளி ஸ்லைடு கழற்றிய உள்குழாய் இரண்டும் ஜன்னல் வெளிச்சத்தில், ஸ்டாக்கிங் நெருக்கத்தில், அடி வளைவின் அடிப்பக்கம், மவுத்பீஸ் துளைக்குள் டார்ச் அடித்தது, ரோட்டர் பின் மூடி திறந்தது. ஸ்லைடை நேராகப் பிடித்து ஓட்டும் காணொளி ஒன்று, ஒலியோடு. உரசல் சத்தம் அதில் கேட்டுவிடும். கூரியரில் வரவழைத்தால் சுங்கத்தீர்வை கருவியின் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குத்தான் கணக்கிடுவார்கள்.

மேடைக்காற்று எழுதியது:

ஒரு கவனிப்பு: பெட்டி பழசு என்று முதலில் எழுதியிருந்தீர்கள். மூடியில் ஸ்லைடு மாட்டும் கொக்கிகளும் பஞ்சும் நைந்திருந்தால், மூடும்போது மூடி ஸ்லைடை அமுக்கும். எவ்வளவு நேராக நிமிர்த்திக் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் பழையபடி வந்துவிடும். பெட்டியை மூடி, மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் அசையவும் கூடாது, மூடி கடைசி அரை அங்குலத்தில் எதிர்க்கவும் கூடாது. மவுத்பீஸைப் பெட்டிக்குள் தனியாகப் போடவே வேண்டாம், துணிப் பையில் கட்டி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தின் மேல் கேரியரில் ஏற்ற வேண்டாம். ரயிலில் தலைக்கு மேல் பலகையில், பெல் பக்கம் சுவரை ஒட்டி.

கோரிப்பாளையம்_பிபிளாட் எழுதியது:

வெர்னியர் அளவு எடுத்துவிட்டேன். வெளிக்குழாய் பிரேஸ் பக்கம், வளைவுப் பக்கத்தைவிட 0.7 மி.மீ. குறைவு. உள்குழாய் மேலும் கீழும் ஒரே அளவு. ரோட்டர் தண்டு ஆடவில்லை. விலையைக் குறைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார், அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. எங்கள் குழுவில் ஸ்லைடுக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிறார்கள், சிலர் தையல் மெஷின் எண்ணெய். இதற்கும் அதையே போடலாமா?

பித்தளைப்பட்டறை எழுதியது:

ரெண்டும் வேண்டாம் தம்பி. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும், மார்கழிக் காலையில உறைஞ்சே போகும். மெஷின் எண்ணெய் ஊர்வலத் தூசியெல்லாம் இழுத்துப் பிடிச்சு முலாமைத் தேய்க்கும் பசையா மாறிரும்.

ஸ்லைடு க்ரீம், பச்சரிசி அளவு, ஒவ்வொரு ஸ்டாக்கிங்குக்கும். விரலால பரப்பி, மிச்சத்தத் துடைச்சிட்டு, தண்ணி ஸ்பிரே அடிங்க. கூட வச்சா நல்லா ஓடும்னு நினைச்சு அதிகம் தடவுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, அப்பத்தான் இழுக்கும். வாசிப்புக்கு நடுவுல காஞ்சா தண்ணி மட்டும் போதும், க்ரீம் வேண்டாம். வாரம் ஒரு தடவை, ஊர்வலம் முடிஞ்ச ராத்திரி கட்டாயம், பழைய க்ரீமை முழுக்கத் துடைச்சு எடுத்துட்டுப் புதுசு போடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு லிக்விட் விட்டு, வளையுற பிரஷ்ஷால லீட்பைப்பையும் அடி வளைவையும் கழுவுங்க. கொதிக்கிற தண்ணி வேண்டாம், மிச்சம் இருக்கிற லாக்கரும் உரியும். கழுவினதும் எச்சில் வால்வைத் திறந்து வச்சு, தலைகீழா சாய்ச்சு, நிழல்ல காய விடுங்க.